ஊறல் குறைந்த போருக்கு கம்ப்ரசர் மோட்டார்: எங்கள் தோட்டத்து வீட்டில் போட்டுப் பார்த்ததில்

எடுத்த எடுப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், தண்ணீர் ஊறுவது குறைவு, கூடவே மண்ணும் கலங்கலும் வருகிறது என்றால் காற்றை அழுத்தி அனுப்பித் தண்ணீரை மேலே ஏற்றுகிற கம்ப்ரசர் மோட்டார் நல்ல பொருள், தயங்காமல் போடலாம். ஊறுவது குறைவுதான், ஆனால் வருகிற தண்ணீர் தெளிவாக வருகிறது என்றால் கம்ப்ரசருக்குப் போக வேண்டாம். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற ஒரு சின்ன சப்மெர்சிபிள் மோட்டாரும், அதோடு தண்ணீர் தீர்ந்தால் அதை நிறுத்திவிடுகிற ஒரு டிரை ரன் பேனலும் போதும், கரண்ட் பில் பல மடங்கு குறையும். எங்கள் போர் முதலில் சொன்ன மண் வருகிற ரகம், அதனால் எங்கள் வீட்டில் கம்ப்ரசர் ஓடுகிறது.

எங்கள் வீடு அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில், தோட்டத்துக்குள். போர் 650 அடி, ஆறரை இஞ்ச். இந்தப் பக்கம் மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுக்கக் கரும்பாறை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலம் இப்படிப் பாறைதான், காவிரிப் படுகைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியாது. பாறைக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் கசிந்து வரும். அந்த வெடிப்பில் போர் விழுந்தால் தண்ணீர், இல்லையென்றால் பக்கத்திலேயே பத்தடி தள்ளிப் போட்டாலும் வெறும் புழுதிப் புகைதான். ஆழமாகப் போனால் கிடைத்துவிடும் என்பதும் உறுதியில்லை, கீழே போகப்போக பாறையின் எடையில் வெடிப்புகள் இறுகிக்கொண்டே வரும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியை நிறுத்தி 1,000 அடி தாண்டி ஓட்டினார்கள், கடைசி 300 அடியில் வெறும் புழுதி. அதனால் புதுப் போர் போடுவதற்கு முன்னால் இருக்கிற போரை ஒழுங்காகப் பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன். இருக்கிற போரைக் கவனிக்காமல் கடன் வாங்கி அடுத்த போர் போடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். நாலரை இஞ்ச் போர் என்றால் மூன்று லிட்டர். எங்கள் போரில் தண்ணீர் 400 அடியில் நிற்கிறது, மோட்டார் 600 அடியில் இருந்தது என்றால் நடுவில் உள்ள 200 அடியில் 1,300 லிட்டர். 2 எச்பி சப்மெர்சிபிள் அதை நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று இழுத்தால் முக்கால் மணி நேரம் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டும். பார்க்கிறவர்கள் ஆஹா நல்ல போர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அது போருக்குள் நின்ற தண்ணீர், ஊறுகிற தண்ணீர் இல்லை. ஊறுவது எங்களுக்கு நிமிடத்துக்கு மூன்று லிட்டர் சுமார்தான். முக்கால் மணி நேரம் கழிந்த பிறகு மோட்டார் 30 லிட்டர் கேட்கும், போர் 3 லிட்டர் கொடுக்கும், அங்கேதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பிக்கிறது.

அதே மூன்று லிட்டரை வேறு விதமாகப் பாருங்கள். மணிக்கு 180 லிட்டர். இரவு பகலாக ஊறினால் ஒரு நாளைக்கு 4,320 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீடு, இரண்டு கறவை மாடு, கொஞ்சம் செடி கொடி என்று எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,000 லிட்டர் ஆகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்றுதான் அளவு வைத்திருக்கிறார்கள். ஆக போர் நமக்குத் தேவையானதைப் போல நான்கு மடங்கு கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறது, அது கொடுக்கிற வேகத்தில் நாம் வாங்கத் தெரிந்துகொள்ள வேண்டும், வாங்கியதைச் சேர்த்து வைக்க இடம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

சப்மெர்சிபிளை நான் குறை சொல்லவில்லை, அது செய்யப்பட்டதே தண்ணீருக்குள் இருக்கத்தான். அதன் பேரிங்குக்கும் புஷ்ஷுக்கும் தண்ணீர்தான் எண்ணெய் மாதிரி, சுற்றி ஓடுகிற தண்ணீர்தான் அதைச் சூடாகாமல் வைத்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலும் உள்ளே தேய்ந்துவிடும், இன்னும் கொஞ்சம் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று, அதாவது காயில், எரிந்துவிடும். எங்கள் போரில் இதோடு மண்ணும் சேர்ந்துகொண்டது. மேல்மண் சரியாமல் இருக்க இறக்குகிற கேசிங் குழாய் முடிகிற இடத்திலிருந்தோ ஏதோ ஒரு வெடிப்பிலிருந்தோ நைசான மண் வந்துகொண்டே இருக்கிறது, அது உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரை அரம் வைத்துத் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிடுகிறது. மோட்டார் போனால் அதன் விலையோடு முடிவதில்லை, 600 அடி குழாயைக் கழற்றி மேலே எடுக்க வண்டி, ஆள், திரும்ப இறக்க மறுபடி கூலி, நடுவில் ஒயர் அறுந்தால் அது வேறு செலவு. வண்டிக்காரர் வருகிற வரை வீட்டில் தண்ணீர் இல்லை. கறவை மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இனி கம்ப்ரசர். போருக்குள் சுற்றுகிற பொருள் ஒன்றுமே கிடையாது, இதுதான் இதன் முதல் பெருமை. இரண்டு குழாய் மட்டும் இறங்குகிறது. ஒன்று சின்னது, காற்றுக் குழாய். இன்னொன்று தண்ணீர் வருகிற குழாய். அடியில் இரண்டும் சேர்கின்றன. மேலே உள்ள கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்புகிறது, அடியில் அது குமிழ் குமிழாகத் தண்ணீர்க் குழாய்க்குள் நுழைகிறது, காற்று கலந்த தண்ணீர் எடை குறைந்துவிடும், வெளியே போரில் நிற்கும் தண்ணீரின் எடை அதை மேலே தள்ளிவிடுகிறது. தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன ஆகும்? வெறும் காற்று வரும், அவ்வளவுதான். எரிவதற்கோ தேய்வதற்கோ கீழே ஒன்றும் இல்லை. மண் வந்தாலும் தண்ணீரோடு மேலே வந்து தொட்டியில் படிந்துவிடும். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்துக் காட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான்.

மாட்டிக்கொடுத்த கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ஷோரூம் இல்லை, பக்கத்து டவுனில் அப்பாவும் மகனுமாக நடத்துகிற பட்டறை. போய் நின்றதும் எத்தனை எச்பி வேண்டும் என்று கேட்கவில்லை. "ஏனுங்க, போரு எத்தன அடிங்க, தண்ணி எத்தனையில நிக்குதுங்க, ஒரு மணி நேரத்துக்கு எத்தன கொடம் ஊறுது?" என்று அந்தப் பெரியவர் வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை என்றதும் வியாபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் போரை வற்ற எடுங்கள், ஒரு மணி நேரம் விடுங்கள், திரும்ப வற்ற எடுத்து வருகிற தண்ணீரை அளந்து கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த அளவைக் கொண்டுபோன பிறகுதான் 3 எச்பி போதும் என்றார். 5 எச்பி விற்றிருந்தால் அவருக்கு லாபம், ஆனால் ஊறுவது நிமிடத்துக்கு மூன்று லிட்டராக இருக்கும்போது பெரிய மெஷின் வாங்கி என்ன பயன், சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். இந்த மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். வேலையும் சுத்தம். குழாய் ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து இறக்கினார்கள், பெல்ட்டுக்குக் கம்பி வலை போட்ட மூடி வைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த மூடி இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மேலே இருக்கிற, காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற பிரஷர் கேஜ். இதைப் பற்றி யாரும் விவரமாக எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கம்ப்ரசரைப் போட்டதும் காற்று தன் குழாயில் நிற்கும் தண்ணீரை அடிவரை தள்ளியாக வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர் மேலே வர ஆரம்பிக்கும். அதுவரை கேஜ் முள் ஏறிக்கொண்டே போகும், ஒரு இடத்தில் நின்று கொஞ்சம் இறங்கும். அந்த உச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம், அதாவது கிலோவுக்கு 33 அடி. முள் ஆறரை கிலோ வரை போனால் குழாயின் அடிக்கு மேலே ஏறக்குறைய 215 அடி தண்ணீர் நிற்கிறது. எங்கள் குழாய் 620 அடியில் முடிகிறது, ஆக தண்ணீர் மட்டம் 405 அடி. போருக்குள் கயிறு விட வேண்டாம், கருவி வாங்க வேண்டாம், ஒவ்வொரு முறை மெஷின் போடும்போதும் போர் தன் கணக்கைத் தானே சொல்லிவிடுகிறது. நாங்கள் காலண்டரில் எழுதி வைக்கிறோம். வெயில் காலம் தொடங்கியதும் எண் இறங்குவது அப்படியே தெரியும், மாட்டுக் கொட்டகை கழுவுவதை எப்போது குறைக்க வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்யலாம். தண்ணீர் தீர்ந்த பிறகு லாரிக்கு போன் செய்து காத்திருப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்.

இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் மட்டம் மேலே ஏறிவிட்டால் தள்ள வேண்டிய அழுத்தமும் கூடும். 400 அடி தண்ணீர் நின்றால் 12 கிலோ வேண்டும், சின்ன கம்ப்ரசர் அங்கே திணறும், தண்ணீர் வராது. போரில் நிறையத் தண்ணீர் இருந்தும் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம், குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினால் சரியாகிவிடும். எங்கள் பக்கம் அப்படி ஒரு நிலைமை வந்தால் அது நல்ல காலம்தான்.

தண்ணீர் வருகிற விதம் பழகாதவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரே சீராக வராது, குபுக் குபுக்கென்று துப்பித் துப்பி வரும், நடுவில் புஸ் என்று காற்று. மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் குறைந்து காற்று கூடும். இது கோளாறு இல்லை. ஆனால் இதனால்தான் இந்தத் தண்ணீரை நேராக மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுவது நல்ல யோசனை இல்லை என்கிறேன். அவ்வளவு உயரமும் வளைவுகளும் சேரும்போது இருக்கிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரும் குறைந்துவிடும். போருக்குப் பக்கத்திலேயே தரைமட்டத்தில் ஒரு தொட்டி வேண்டும், திறந்த வாயில் தண்ணீர் விழ வேண்டும், காற்று அங்கேயே பிரிந்துவிடும், மண்ணும் அடியில் படிந்துவிடும். அங்கிருந்து அரை எச்பி மோனோபிளாக் பம்பு வைத்து மேலே ஏற்றினால் வீட்டுக்குள் குழாயில் சீராக வரும். எங்களிடம் 5,000 லிட்டர் சிமெண்ட் தொட்டி, மாடியில் 1,000 லிட்டர் டேங்க். காசு இருந்தால் மெஷினில் எச்பி கூட்டுவதை விட்டுவிட்டுத் தொட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள். மின்வெட்டு, மெஷின் ரிப்பேர், வீட்டில் விசேஷம், எது வந்தாலும் காப்பாற்றுவது தொட்டிதான்.

ஒரே மூச்சில் ஓட்டாமல் டைமர் போட்டு நாளில் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து எடுக்கிறோம். போர் முழுக்க நிறைந்து நிற்கும்போது ஊறும் வேகம் குறைந்துவிடும், மட்டம் இறங்கியிருந்தால்தான் வெடிப்பிலிருந்து வேகமாக வரும். அதே சமயம் மட்டம் அதிகம் இறங்கினால் கம்ப்ரசர் வெறும் காற்றுக்குக் கரண்ட் செலவழிக்கும். கேஜ் 2 கிலோவுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலில் கரண்ட். 3 எச்பி மெஷின் மணிக்கு 2 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். 1,000 லிட்டர் எடுக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஆக நாளுக்கு மூன்றரை யூனிட் சுமார், இரண்டு மாதக் கணக்கில் 200 யூனிட் தாண்டும். அரசு கொடுக்கிற 100 யூனிட் இலவசம் இதிலேயே கரைந்துவிடும். அதே 1,000 லிட்டரை 2 எச்பி சப்மெர்சிபிள் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டில் எடுத்துவிடும். காற்றை அழுத்திச் சூடாக்கி அனுப்புவதில் பெரும்பகுதி வீணாகிறது, அதற்கு வழியில்லை. அடுத்தது சத்தம். படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் தூக்கம் போய்விடும், கொட்டகையைத் தள்ளிப் போடுங்கள், காற்றுக் குழாயைக் கொஞ்சம் நீட்டினால் பாதகமில்லை. அப்புறம் பராமரிப்பு. ஆயில் மட்டம் பார்க்க வேண்டும், ஏர் பில்டரைத் தட்டித் துடைக்க வேண்டும், காற்று டேங்கில் சேரும் தண்ணீரை அடி வால்வைத் திறந்து வடிக்க வேண்டும், பெல்ட் தளர்ந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். எல்லாமே மேலேயே இருப்பதால் நாமே செய்துவிடலாம், அது பெரிய நிம்மதி. கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஆயில் காற்றோடு சேர்ந்து தண்ணீரில் வரும், தொட்டியில் மேலே மினுமினுப்பாகப் படலம் தெரியும். அப்படித் தெரிந்தால் தள்ளிப்போடாமல் ரிங் மாற்றிவிடுங்கள்.

இதனாலேயே கம்ப்ரசர் தண்ணீரைக் குடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்து நல்ல தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் உப்புத் தண்ணீர். பஞ்சாயத்துத் தண்ணீர் வராத ஊர் என்றால் போர்த் தண்ணீரைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. உப்பு மட்டும் பார்க்காமல் புளூரைடும் பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதனால் பல்லும் எலும்பும் கெட்டவர்கள் ஏராளம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான்.

டிரை ரன் பேனலைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா, அது பெரியப்பா வீட்டில் இருக்கிறது. அவர்கள் போரில் மண் வருவதில்லை. அந்தப் பேனல் போருக்குள் எதையும் இறக்குவதில்லை, மோட்டார் இழுக்கும் ஆம்பியரை மேலிருந்தே பார்க்கிறது. தண்ணீர் தீர்ந்து மோட்டார் சும்மா சுற்ற ஆரம்பித்தால் ஆம்பியர் இறங்கும், உடனே நிறுத்திவிடும், நாம் வைத்த நேரம் கழித்துத் தானே திரும்பப் போடும். போருக்குள் கம்பி இறக்கி மட்டம் பார்க்கிற வகையும் உண்டு, உப்புத் தண்ணீரில் அந்தக் கம்பியில் காரை படிந்துவிடும், அதனால் ஆம்பியர் பார்க்கிற வகையே எங்கள் பக்கத்துக்கு ஏற்றது. ஒன்றே ஒன்று, திரும்பப் போடும் நேரத்தைப் பத்து நிமிடம் என்று வைக்காதீர்கள், மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதும் காயிலுக்குக் கேடு. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஊறுகிற போருக்கு மூன்று நான்கு மணி நேரமாவது விட வேண்டும். பெரியப்பா ஐந்து மணி நேரம் வைத்திருக்கிறார், மோட்டார் நன்றாக ஓடுகிறது.

எந்த மெஷின் போட்டாலும் போருக்குள் தண்ணீர் போக வழி செய்யாமல் எடுத்துக்கொண்டே இருக்க முடியாது. மழைநீர் சேகரிப்பை 2003ல் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயைத் தரையில் சொருகிவிட்டு முடித்துக்கொண்டார்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது, சிந்தியது சிதறியது போக 700 லிட்டர் கிடைத்தாலும் எங்கள் வீட்டுக்கு முக்கால் நாள் தண்ணீர், அதுவும் உப்பில்லாத தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் தரைத் தொட்டிக்கு முதலில் கூரைத் தண்ணீரை விடுகிறோம், அது நிறைந்து வழிவது ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குப் போகிறது. வடிகட்டாத தண்ணீரைப் போருக்குள் நேராக விடவே கூடாது, ஆட்டுப் புழுக்கையும் சாணியும் கரைந்த தண்ணீர் ஒருமுறை வெடிப்புக்குள் போனால் எடுக்க வழியில்லை.

அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, பவானி ஆற்று உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருவதற்கான திட்டம். அறுபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டுக் கேட்டு வந்தது. உங்கள் ஊர்க் குட்டை அதில் இருந்தால் வாய்க்காலை அடைத்திருக்கும் சீமைக் கருவேலத்தை எடுங்கள், குட்டை நிறைந்தால் பக்கத்துப் போர்களில்தான் முதலில் தெரியும்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும்போது போர் ஆழம், கேசிங் ஆழம், தண்ணீர் நிற்கும் மட்டம், மணிக்கு எத்தனை லிட்டர் ஊறுகிறது, இந்த நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அளவை மே மாதத்தில் எடுங்கள், மழை முடிந்த கையோடு எடுத்த அளவை நம்பி மெஷின் வாங்க வேண்டாம். இந்த நான்கையும் கேட்காமல் விலைப்பட்டியலை நீட்டுகிற கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.